பழங்காட்டின் மதிப்பை மக்களிடம் கேட்டு அளப்பது எப்படி?

"காட்டைக் காப்பாற்ற வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்பவர் அரிது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் நடக்காது. எவ்வளவு பரப்பு, எதை விட்டுக்கொடுத்து, யார் செலவில் என்று கேள்வி கீழே இறங்கும்போதுதான் ஆட்கள் பிரிகிறார்கள். பழங்காட்டில், அதாவது நெடுங்காலம் வெட்டப்படாமல் முதிர்ந்து நிற்கும் காட்டில், இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் பார்க்கப் போவதும் அதைக் காப்பதும் எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. பாதை போட்டால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் பெருமரங்களின் வேரடி மண் இறுகும், கூட்டில் இருக்கும் பறவை விலகும். அதே ஆட்கள்தான் நாளைக்கு அந்தக் காட்டை வெட்ட வரும்போது குரல் கொடுப்பவர்களும். இந்த இரண்டையும் கலந்து "காட்டின் மதிப்பு" என்று ஒற்றை எண் எடுக்கும் சர்வே, களத்துக்குப் போகும் முன்பே தோற்றுவிட்டது.

உலாவுக்கு எவ்வளவு, பாதுகாப்புக்கு எவ்வளவு, இரண்டும் மோதும் இடத்தில் யார் எந்தப் பக்கம் என்று பிரித்து அளக்கும் வழி இங்கே. சர்வே நடத்தப்போகிறவருக்கு அடிப்படைப் புள்ளியியல் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

எந்த மதிப்பை அளக்கிறீர்கள்?

போய்ப் பார்த்து, நடந்து, படமெடுத்து அனுபவிப்பது பயன்பாட்டு மதிப்பு. ஒருநாள் போகலாம், வழி திறந்திருக்கட்டும் என்பது இரண்டாவது. 1964இல் பொருளியலாளர் பர்ட்டன் வைஸ்பிராட் இதைத் தனியே எடுத்துக் காட்டினார். போகவே மாட்டேன், ஆனாலும் அது இருக்கவேண்டும் என்பது மூன்றாவது. இதைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தவர் ஜான் கிருட்டிலா, 1967இல். பழங்காட்டைப் பொறுத்தவரை மூன்றாவதை விட்டுவிட்டால் பெரும்பகுதியை விட்டுவிட்டதாகவே ஆகலாம். ஏனென்றால் அந்தக் காடு வெட்டினால் திரும்பாது. திரும்ப ஆகும் காலம் எந்த மனிதரின் ஆயுளுக்குள்ளும் அடங்காது.

இதிலிருந்தே முறை முடிவாகிவிடும். பயணச்செலவு முறை வருபவர்களின் செலவிலிருந்து உலாவின் மதிப்பை எடுக்கிறது. வராதவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நேரடியாகத் தொகை கேட்கும் முறை வராதவரின் மதிப்பையும் பிடிக்கும், ஆனால் உலாவையும் பாதுகாப்பையும் பிரித்துத் தராது. தேர்வு அட்டை முறை என்பது சில திட்டங்களை ஓர் அட்டையில் பக்கம் பக்கமாகக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது; அது இரண்டையும் பிரித்துத் தரும், அதனால் இந்த வேலைக்கு அதுவே முதன்மை. செலவும் உழைப்பும் அதில்தான் அதிகம். கைவசம் உள்ள பணம் ஒரு முறைக்குத்தான் போதும் என்றால் தேர்வு அட்டைக்கே போங்கள்.

காட்டை விவரிப்பது

பெரும்பாலான சர்வேக்கள் சறுக்குவது இங்கேதான், கணக்கில் அல்ல. பதிலளிப்பவர் மனத்தில் எந்தக் காடு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் அவர் சொல்லும் தொகை எதற்கான தொகை என்றும் தெரியாது.

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே வரையறை கிடையாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடலோரக் காடு என்றால் 250 வயதுக்கு மேல், உள்நாட்டுக் காடுகள் பலவற்றுக்கு 140 வயதுக்கு மேல் என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2023இல் வெளியான கூட்டாட்சி நிலங்களின் கணக்கெடுப்பு, வட்டாரத்துக்கும் காட்டு வகைக்கும் ஏற்ப வெவ்வேறு அளவுகோல் வைத்துத்தான் ஏறத்தாழ 3.2 கோடி ஏக்கர் என்ற எண்ணுக்கு வந்தது. உங்கள் வட்டாரத்தில் நடப்பில் உள்ள வரையறையை எடுத்து, அதைக் கண்ணால் பார்க்கும் அடையாளங்களாக மாற்றுங்கள்: பல வயது மரங்கள் ஒன்றாக நிற்பது, சில மிகப் பெரிய மரங்கள், நின்றபடியே பட்டுப்போன மரங்கள், விழுந்து மட்கும் கட்டைகள், மரம் விழுந்த இடத்தில் திறந்த வெளிச்சம்.

பட்டமரமும் விழுந்த கட்டையும் தொல்லை தரும் விஷயங்கள். சூழலியலாளர் அவற்றைக் காட்டின் உயிர்நாடி என்பார். சும்மா உலாவ வந்தவருக்கோ அது கவனிக்காமல் விட்ட காடு போலத் தெரியும். பெரிய மரமும் நடுவில் நன்றாகப் பார்வை போகும் வெளியும் இருந்தால்தான் பலருக்கு "அழகான பழங்காடு". விளக்கம் கொடுத்த பிறகு இந்தக் கருத்து கொஞ்சம் நகரும். ஆகவே எந்த அளவு விளக்கம் கொடுக்கிறீர்கள் என்பதே முடிவை மாற்றும். விளக்கத்தை எல்லாருக்கும் ஒரே அளவில், ஒரே சொற்களில் கொடுங்கள். முடிந்தால் பாதிப் பேருக்கு மட்கும் மரம் பற்றிய பத்தியைக் கொடுத்தும் பாதிப் பேருக்குக் கொடுக்காமலும் விட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதுவே ஒரு முடிவு.

படங்களில் ஏமாறுவது எளிது. பழங்காட்டைக் காலைக் கதிரில் எடுத்து, நட்ட காட்டை மத்தியான வெயிலில் எடுத்துவிட்டு மக்கள் பழங்காட்டை விரும்புகிறார்கள் என்று எழுதினால் அளந்தது வெளிச்சத்தை. கேமரா கண் உயரத்தில், ஏறத்தாழ 1.5 மீட்டரில், ஒரே லென்ஸ், ஒரே பருவம், மேகமூட்டமான வானம், சட்டகத்தில் ஆட்கள் இல்லாமல். இதைவிட நல்லது, ஒரே படத்தை எடுத்து அதில் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் கணினியில் மாற்றுவது: கட்டை உள்ளது, கட்டை இல்லாதது.

"பாதுகாப்பு" என்ற சொல்லையும் அப்படியே விடக்கூடாது. போலந்தின் பியாவோவியேஜா காட்டில் 2016இல் பட்டைவண்டைக் காரணம் காட்டி வெட்டும் அளவை உயர்த்தினார்கள். அதுவும் காட்டைக் காக்கத்தான் என்றே சொல்லப்பட்டது. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது; 2018 ஏப்ரலில் அந்த வெட்டு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது. இரு தரப்பும் பயன்படுத்தியது ஒரே சொல். உங்கள் கேள்வித்தாளில் பாதுகாப்பு என்றால் மரம் வெட்டத் தடையா, விழுந்ததை எடுக்கவும் தடையா, தீப்பரவலைத் தடுக்க மெல்லிய மரங்களை நீக்கலாமா, ஆட்கள் நுழையலாமா என்று நான்கு வரியில் சொல்லிவிடுங்கள்.

நட்டால் வளர்ந்துவிடும் என்ற நினைப்பும் பலரிடம் உண்டு. வெட்டிய இடம் 40 ஆண்டில் எப்படி இருக்கும், 100 ஆண்டில் எப்படி, 200 ஆண்டில் எப்படி என்று மூன்று கோட்டோவியங்கள் போதும். அதன்பின் புரிந்ததா என்று சோதிக்க இரண்டு சரி/தவறு கேள்வி வையுங்கள். தவறாகச் சொன்னவருக்குச் சரியான பதிலைக் காட்டிவிட்டு மேலே போகலாம், ஆனால் தவறியதைக் குறித்து வைக்கவேண்டும். பின்னால் அவர்களை நீக்கியும் சேர்த்தும் கணக்குப் போட்டுப் பார்ப்பீர்கள்.

பண்புகளும் நிலைகளும்

அட்டையில் ஒரு திட்டத்தை விவரிக்கும் கூறுகள் பண்புகள்; ஒவ்வொரு பண்பும் எடுக்கும் மதிப்புகள் நிலைகள். நான்கு முதல் ஆறு பண்புகள் போதும். ஆறைத் தாண்டினால் ஆட்கள் ஒன்றிரண்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். இந்தத் தலைப்புக்கு ஒரு நல்ல தொகுப்பு: எஞ்சியிருக்கும் பழங்காட்டில் வெட்டத் தடை உள்ள பங்கு (50, 60, 75, 90 சதவீதம்), பாதை (இல்லை, காட்டின் ஓரமாக, நடுக்காட்டின் ஊடே), ஒருநாள் நடையில் எதிர்ப்படும் ஆட்கள் (5, 20, 60), மரத்தொழிலில் குறையும் வேலைகள் (0, 50, 150), குடும்பத்துக்கு ஆண்டுத் தொகை (10, 25, 50, 90, 150). எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் காட்டுக்கு ஏற்ப மாறும். ஆனால் பாதைக்கு மூன்று நிலை என்பதில் கை வைக்காதீர்கள். உலாவும் பாதுகாப்பும் மோதும் இடம் "ஓரமாக" என்பதற்கும் "ஊடே" என்பதற்கும் நடுவில்தான் இருக்கிறது.

வேலைவாய்ப்பைச் சேர்க்கத் தயங்குவார்கள், சர்வே அரசியலாகிவிடும் என்று. சேர்க்காவிட்டால் ஆட்கள் தாமாகவே ஒரு எண்ணை மனத்தில் சேர்த்துக்கொள்வார்கள், அது உங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கில் பழங்காட்டை நம்பி வாழும் வடக்குப் புள்ளி ஆந்தையை 1990இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டதிலிருந்து, 1994இல் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் கூட்டாட்சி நிலத்துக்கு வடமேற்கு வனத் திட்டம் வரும்வரை, பேச்சு முழுக்க "ஆந்தையா வேலையா" என்றே போனது. அப்படிப்பட்ட இடத்தில் அந்தப் பறவையின் பெயரை அட்டையில் போட்டால் ஆட்கள் அட்டையைப் படிக்கமாட்டார்கள், தங்கள் அணியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். "முதிர்ந்த காட்டை நம்பி வாழும் பறவைகள்" என்று பொதுவாகப் போடுவது நல்லது.

பணம் கேட்கும் விதம்

நுழைவுக் கட்டணம் என்று கேட்டால் வருபவருக்கு மட்டுமே அது பொருந்தும்; வராதவரின் மதிப்பு அப்படியே விழுந்துவிடும். நன்கொடை என்று கேட்டால் காகிதத்தில் தாராளமாகத் தருவார்கள். நிஜத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தரட்டும் என்று இருப்பார்கள். எல்லாக் குடும்பமும் கட்டும் வரி அல்லது கட்டாயத் தீர்வை என்று கேட்பதே வழக்கம். அதன் விலை, "வரியா, முடியாது" என்று எதிர்ப்புப் பதில் கூடுவது. இந்தக் குறையைச் சகித்துக்கொள்ளலாம், ஏனென்றால் எதிர்ப்புப் பதிலைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நன்கொடையில் எவ்வளவு பொய் என்று கண்டுபிடிக்க வழி இல்லை.

1989இல் எக்சான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய பிறகு, இப்படி மக்களிடம் கேட்டு எடுக்கும் தொகை நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையில் வைத்த குழு 1993இல் தந்த பரிந்துரைகள் இன்றைக்கும் நல்ல சரிபார்ப்பு: வாக்கெடுப்பு போல ஆம்/இல்லை என்று கேள், இழப்பீடாக எவ்வளவு வேண்டும் என்று கேட்காமல் எவ்வளவு தருவாய் என்று கேள், குடும்ப வரவுசெலவையும் மாற்று இடங்களையும் நினைவூட்டு, வாக்களிக்க விரும்பவில்லை என்ற வழியும் வை. நேரில் போய்க் கேள் என்றும் சொன்னார்கள். செலவு காரணமாக இதைத்தான் எல்லாரும் விட்டுவிட்டு இணையத்துக்குப் போய்விட்டார்கள்.

தொகையின் காலத்தையும் சொல்லுங்கள். "ஆண்டுக்கு 50, ஐந்து ஆண்டுகளுக்கு" என்று எழுதினால்தான் பின்னால் கூட்ட முடியும். தொகை நிலைகளை நீங்களே ஊகிக்காதீர்கள். சிறு குழுக்களை உட்காரவைத்து எவ்வளவு தருவீர்கள் என்று திறந்தபடி கேட்டு, அந்தப் பரவலிலிருந்து எடுங்கள். உச்சத் தொகையைப் பெரும்பாலோர் மறுக்கவேண்டும். முன்னோட்டத்தில் உச்சத் தொகைக்கும் 40 சதவீதம் பேர் தலையாட்டினால் உச்சம் போதவில்லை. அப்படியே களத்துக்குப் போனால் சராசரி எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது.

அட்டைகளை அடுக்குவது

மேலே சொன்ன ஐந்து பண்புகளில் மொத்தச் சேர்க்கைகள் 4×3×3×3×5, அதாவது 540. எல்லாவற்றையும் காட்டமுடியாது. என்ஜீன் போன்ற மென்பொருளோ ஆர் மொழியின் ஐடிஃபிக்ஸ் தொகுப்போ வைத்து டி-திறன் வடிவமைப்பில் (குறைந்த அட்டைகளில் அதிகத் தகவல் தரும் சேர்க்கைகளைப் பொறுக்கும் முறை) 24 தேர்வு அட்டைகள் எடுத்து, நான்கு கட்டாகப் பிரித்து, ஆளுக்கு 6 கொடுக்கலாம். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு திட்டங்கள், மூன்றாவது "இப்போதுள்ளபடியே இருக்கட்டும்". மூன்றாவதை எடுத்துவிடாதீர்கள், அது இல்லாமல் கட்டாயப்படுத்தி எடுத்த தேர்விலிருந்து தொகை கணக்கிட்டால் அது யாருடைய தொகையும் அல்ல.

ஓர் அட்டை இப்படி இருக்கும்:

திட்டம் அ: வெட்டத் தடை 75 சதவீதம், பாதை ஓரமாக, எதிர்ப்படுபவர் 20, குறையும் வேலை 50, ஆண்டுக்கு 50.
திட்டம் ஆ: வெட்டத் தடை 60 சதவீதம், பாதை நடுக்காட்டின் ஊடே, எதிர்ப்படுபவர் 60, குறையும் வேலை 0, ஆண்டுக்கு 25.
இப்போதுள்ளபடி: வெட்டத் தடை 50 சதவீதம்; பாதை இல்லை; எதிர்ப்படுபவர் 5; குறையும் வேலை 0; தொகை இல்லை.

மென்பொருள் தந்ததை அப்படியே அச்சிடாதீர்கள். பாதையே இல்லாத காட்டில் 60 பேர் எதிர்ப்படுவதாக ஓர் அட்டை வரும். அதைப் பார்த்த ஆள் மீதி ஐந்து அட்டையையும் விளையாட்டாகத்தான் எடுப்பார். "பாதை இல்லை என்றால் எதிர்ப்படுபவர் 5 மட்டுமே" என்று கட்டுப்பாடு போட்டு மறுபடி ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் நல்லதாகவும் விலை குறைவாகவும் ஒரு திட்டம் அமைந்த அட்டையும் வீண். அதை யாரும் யோசிக்காமல் எடுப்பார்கள். கவனம் சோதிக்க ஒன்று மட்டும் வேண்டுமென்றே வைக்கலாம், அது கணக்கில் சேராது.

எத்தனை பேர் வேண்டும்? பழக்கத்தில் உள்ள கைக்கணக்கு: 500ஐ நிலைகளின் உச்ச எண்ணிக்கையால் பெருக்கி, அட்டைகள் எண்ணிக்கையாலும் ஒரு அட்டையில் உள்ள திட்டங்களாலும் வகுப்பது. இங்கே 500×5÷(6×2), ஏறத்தாழ 208. இது அடிமட்டம். காட்டுக்கு வருபவர், வராதவர், காட்டோரத்தில் வாழ்பவர் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் இந்த எண்ணிக்கை. காட்டோரத்தவர் மக்கள்தொகையில் சொற்பம் என்பதால் பொது மாதிரியில் நாலு பேர்தான் வருவார்கள். அவர்களைத் தனியே கூடுதலாக எடுத்து, பின்னர் எடையிட்டுச் சரிசெய்யவேண்டும்.

முன்னோட்டமும் களமும்

முதலில் பத்துப் பன்னிரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டு யோசித்தபடியே அட்டைகளை நிரப்பச் சொல்லுங்கள். "இது நடக்கிற காரியமா", "இந்தப் பணம் காட்டுக்குத்தான் போகும் என்று என்ன உறுதி" என்ற முணுமுணுப்புகள் இங்கேதான் கேட்கும். அதன்பின் 40 முதல் 60 பேருக்கு முன்னோட்டம். அதிலிருந்து கிடைக்கும் கெழுக்களை (ஒவ்வொரு பண்பும் தேர்வை எவ்வளவு நகர்த்துகிறது என்ற எண்களை) வடிவமைப்புக்குத் திரும்ப ஊட்டி, அட்டைகளை மறுபடி எடுங்கள். இந்தச் சுற்றைத் தவிர்ப்பவர்கள் அதிகம். அந்த மிச்சத்தைப் பின்னால் அகலமான நம்பிக்கை இடைவெளியாகக் கட்டிவிடுவார்கள்.

கடைசி அட்டைக்குப் பிறகு மூன்று கேள்விகள் தவறாமல் வேண்டும். எப்போதும் "இப்போதுள்ளபடி" என்றே எடுத்தவரிடம் ஏன் என்று கேளுங்கள். "வசதியில்லை", "இதைவிட முக்கியமானவை உண்டு" என்றால் அது உண்மையான பூஜ்யம், கணக்கில் இருக்கவேண்டும். "வெட்டுகிறவர்தான் கட்டவேண்டும்", "கட்டிய வரியே போதும்" என்றால் எதிர்ப்பு. இரண்டாவது, பதிலில் எவ்வளவு உறுதி என்று 0 முதல் 10 வரை. உறுதி குறைந்த "ஆம்" எல்லாவற்றையும் "இப்போதுள்ளபடி" என்று மாற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொகை இறங்கும், நிஜத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். மூன்றாவது, எந்தப் பண்பைப் பார்க்கவே இல்லை என்று. தொகையைப் பார்க்கவில்லை என்பவர் கணிசமாக இருந்தால் எச்சரிக்கை மணி.

அளவுச் சோதனை தனியே வையுங்கள். எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து சாகும் நீர்ப்பறவைகளைக் காக்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்ட ஒரு புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், 2,000 பறவைகளுக்குச் சராசரி 80 டாலர், 20,000க்கு 78, 2,00,000க்கு 88. நூறு மடங்குப் பறவைக்கும் ஏறக்குறைய அதே பணம். நல்லது செய்த திருப்திக்குத்தான் அந்த விலை. பழங்காட்டிலும் இதுவே நடக்கும். பாதிப் பேருக்கு ஒரு காட்டுத்தொகுதியையும் மீதிப் பேருக்கு நான்கு தொகுதிகளையும் காட்டி, தொகை நகர்கிறதா என்று பாருங்கள். நான்கு மடங்கு ஆகவேண்டியதில்லை, ஆனால் நகரவே இல்லை என்றால் அந்த எண்ணை ஹெக்டேரால் வகுத்து யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கணக்கு

பண்புகளிலிருந்து தேர்வின் நிகழ்தகவைக் கணக்கிடும் எளிய லாஜிட் மாதிரியில் தொடங்குங்கள், குறிகள் சரியாக வருகின்றனவா என்று பார்க்க மட்டும். தொகையின் கெழு எதிர்மறையாக இல்லாவிட்டால் தரவுக் குறியீட்டில் எங்கோ பிழை. பிறகு மிக்ஸ்டு லாஜிட், அதாவது கெழு ஆளுக்கு ஆள் மாறலாம் என்று விடும் மாதிரி. ஒரு பண்புக்குத் தரச் சம்மதிக்கும் தொகை என்பது அந்தப் பண்பின் கெழுவைத் தொகையின் கெழுவால் வகுத்து, குறியை மாற்றுவது.

கற்பனை எண்கள் வைத்துப் பார்ப்போம். தொகையின் கெழு −0.02. பாதுகாப்பில் ஒரு சதவீதப் புள்ளிக்கு 0.03, ஆகவே 1.5 நாணய அலகு. ஓரப் பாதைக்கு 0.50, அதாவது 25 அலகு. நடுக்காட்டுப் பாதைக்குச் சராசரி 0.10, அதாவது 5 அலகு. மூன்றாவதைப் படித்துவிட்டு "நடுக்காட்டுப் பாதைக்கும் சிறிது ஆதரவு உண்டு" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தக் கெழுவின் பரவல் 0.90 திட்டவிலக்கம் என்றால் கதையே வேறு: இயல்நிலைப் பரவலில் ஏறத்தாழ 46 சதவீதம் பேருக்கு அந்தப் பாதை ஒரு கெடுதல். பாதி ஊர் வேண்டும் என்கிறது, பாதி ஊர் வேண்டாம் என்கிறது. நடுவில் நிற்கும் 5 அலகு யாருடைய கருத்தும் அல்ல. திட்டவிலக்கம் சராசரியைவிடப் பல மடங்கு பெரிதாக வந்தால் மக்களைத் தேர்வின் போக்கால் சில வகைகளாகப் பிரிக்கும் மறைவகுப்பு மாதிரிக்குப் போய், எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள், யார் எந்த வகை என்று பாருங்கள்.

எதிர்ப்படும் ஆட்கள் என்ற பண்பு வராதவருக்குப் பொருட்டே அல்ல. வருபவரா என்ற மாறியோடு அதைப் பெருக்கிச் சேர்க்காவிட்டால், நெரிசல் யாரையும் பாதிப்பதில்லை என்ற தவறான முடிவு வரும்.

தொகையின் கெழுவை இயல்நிலைப் பரவலாக விடாதீர்கள்; அது பூஜ்யத்தை ஒட்டிப் போகும் ஆட்களுக்கு வகுத்தல் வெடித்துவிடும். நிலையாக வையுங்கள், அல்லது குறி மாறாத லாக்நார்மல் பரவல் வையுங்கள், அல்லது கெழுக்களுக்குப் பதில் தொகைகளையே நேரடியாக மதிப்பிடும்படி மாதிரியை எழுதுங்கள். மிக்ஸ்டு லாஜிட்டைக் கணக்கிட மென்பொருள் எடுக்கும் தற்செயல் எண்களை (இழுப்புகளை) 500, 1000, 2000 என்று கூட்டிப் பார்த்து, கெழுக்கள் நகர்வது நின்றதும் நிறுத்தலாம். நம்பிக்கை இடைவெளிக்கு, கெழுக்களைத் தற்செயலாகப் பலமுறை எடுத்துத் தொகையைத் திரும்பக் கணக்கிடும் கிரின்ஸ்கி-ராப் முறை போதும்.

வருபவர்களை வாசலில் எண்ணும்போது

பயணச்செலவு முறைக்கு விதை போட்டது ஹெரால்டு ஹோட்டலிங் 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய ஒரு கடிதம். 1959இல் மேரியன் கிளாசன் அதைக் கணக்காக்கினார். எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு செலவில், ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறார் என்பதிலிருந்து தேவைக் கோட்டை வரைவது. எண்ணிக்கைத் தரவுக்கான பாய்சான் அல்லது எதிர்மறை ஈருறுப்பு மாதிரியில் செலவின் கெழு −0.05 என்று வந்தால் ஒரு வருகையின் உபரி மதிப்பு (செலவுக்கு மேல் வருபவர் அடையும் பயன்) 1÷0.05, அதாவது 20 அலகு.

வாசலில் நின்று கேட்டால் அடிக்கடி வருபவர்தான் அதிகம் மாட்டுவார். 90 பேர் ஆண்டுக்கு ஒருமுறையும் 10 பேர் பத்துமுறையும் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு உண்மைச் சராசரி 1.9 வருகை. ஆனால் மொத்த 190 வருகையில் 100 அந்தப் பத்துப் பேருடையவை. வாசல் மாதிரியில் பாதிக்கு மேல் அவர்களே இருப்பார்கள், சராசரி 5.7 என்று காட்டும். பாய்சான் மாதிரியில் வருகை எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு ஓட்டினால் இந்தச் சாய்வு திருத்தப்படும். 1988இல் டைஜி ஷா காட்டிய வழி இது. சராசரிகளுக்கு ஒவ்வொருவரையும் வருகை எண்ணிக்கையால் வகுத்து எடையிடுங்கள்.

பயண நேரத்துக்குக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைப்பது வழக்கம். பூஜ்யம் வைத்தும் முழுக்கூலி வைத்தும் ஓட்டி மூன்றையும் காட்டுங்கள், ஏனென்றால் முடிவு இதில்தான் அதிகம் ஆடும். பல இடம் பார்க்க வந்தவரின் முழுச்செலவையும் இந்தக் காட்டின் கணக்கில் எழுதக்கூடாது.

பாதையில் தானியங்கி எண்ணி வைத்திருந்தால், ஜோடியாக நடப்பவரை அது ஒருவராக எண்ணும். வார நாளிலும் விடுமுறையிலும் சில மணி நேரம் கண்ணால் எண்ணித் திருத்தக் காரணி எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாக்குவது

குடும்பத்துக்கு இவ்வளவு என்று வந்த எண்ணை எத்தனை குடும்பத்தால் பெருக்குவது? பதில் தராதவர் எல்லாரும் பதில் தந்தவர் போலவே நினைப்பார்கள் என்று பெருக்குவது மேல் எல்லை. பதில் தராதவருக்குப் பூஜ்யம் வைத்துப் பெருக்குவது கீழ் எல்லை. இரண்டையும் சொல்லுங்கள். தூரமும் பார்க்கவேண்டும்: உலா மதிப்பு சில மணி நேரப் பயணத்துக்கு அப்பால் சட்டென்று விழும், பாதுகாப்பு மதிப்பு மெதுவாகத்தான் தேயும். இரண்டுக்கும் ஒரே எல்லைக்கோடு போட்டால் ஒன்று குறையும், மற்றது வீங்கும்.

கேட்டது ஐந்து ஆண்டுத் தொகை என்றால் ஐந்து ஆண்டுக்குத்தான் கூட்டவேண்டும். 3 சதவீதக் கழிவில் ஐந்து ஆண்டுத் தொகையின் இன்றைய மதிப்பு ஆண்டுத் தொகையைப்போல் 4.58 மடங்கு. என்றென்றைக்கும் என்று எடுத்துக்கொண்டால் 33.3 மடங்கு. காடு என்றென்றைக்கும் இருக்கும் என்பதற்காகப் பின்னதைப் போட்டுவிட்டால் ஏழு மடங்கு மிகை. அறிக்கைகளில் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது.

பணத்தில் பேச மறுப்பவர்கள்

தலைமுறைகளாக அந்தக் காட்டில் வாழும் மக்களிடம் "எவ்வளவு தருவீர்கள்" என்பது தவறான கேள்வி, சில இடங்களில் அவமதிப்பும்கூட. அவர்களுக்கும், காட்டை எதற்கும் ஈடாக்கமாட்டேன் என்பவர்களுக்கும் வரைபட முறை பொருந்தும். வட்டாரத்தின் அச்சு வரைபடத்தையும் ஒட்டும் புள்ளிகளையும் கொடுத்து, உலா, அழகு, புனிதம், உயிரினம், வாழ்வாதாரம் என ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு புள்ளிகள் ஒட்டச் சொல்வது. அலாஸ்காவின் சுகாச் தேசியக் காட்டில் 1990களின் கடைசியில் இப்படிச் செய்திருக்கிறார்கள். உலாப் புள்ளியும் புனிதப் புள்ளியும் ஒரே இடத்தில் குவிந்தால் பாதையை எங்கே போடக்கூடாது என்று தெரிந்துவிடும். இந்த வரைபடத்தைப் பணக் கணக்கோடு கூட்டி ஒற்றை மதிப்பெண் ஆக்கவேண்டாம். இரண்டையும் அறிக்கையில் பக்கம் பக்கமாக வையுங்கள்.

அறிக்கையோடு இணைக்கவேண்டியவை: கேள்வித்தாளின் எல்லாப் பதிப்புகளும், காட்டிய படங்கள் அனைத்தும், 24 அட்டைகள், வடிவமைப்புக் கோப்பும் அதன் தொடக்க விதை எண்ணும் (அதே அட்டைகளை மென்பொருளில் மறுபடி எடுக்க உதவும் எண்), நீக்கிய பதில்கள் எத்தனை, எந்த விதியின்படி, அவற்றைச் சேர்த்தால் தொகை எங்கே நிற்கும் என்ற அட்டவணை. இந்தக் கடைசி அட்டவணையைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பார்.